படிப்பு முடிந்த பிறகும் வரைவது நிற்காமல் இருக்க எந்த வேலைக்குப் போவது?

கடைசி வருடக் கண்காட்சி முடிந்து சுவரிலிருந்து ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி தன் கேன்வாஸ்களைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக் கட்டிவிட்டு என்னிடம் வந்தாள். “சார், ஹைதராபாத்ல ஒரு கேம் கம்பெனியில கூப்பிடுறாங்க. ஊர்ல ஒரு ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் வேலை இருக்குன்னு மாமா சொல்றாரு. எனக்கு இங்கயே ஒரு ரூம் எடுத்து வரையணும்னு ஆசை. எதுல போனா நான் வரையறது நிக்காம இருக்கும்?”

எதில் சம்பளம் கூட வரும் என்று கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லி அனுப்பியிருப்பேன். இதற்கு ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரம் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். ஓவியம், சிற்பம், டிசைன் என எது படித்து வெளியே வருகிறவர்களுக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கும் பயன்படலாம்.

நான்கு வருடம் நாங்கள் நிறையச் சொல்லிக்கொடுக்கிறோம். ஸ்டில் லைஃப், லைஃப் ஸ்டடி, காம்போசிஷன், அவுட்டோர் என்று கை ஓயாமல் வேலை வாங்குகிறோம். இருபத்திரண்டு வயதில் வெளியே போகிற பிள்ளை அறுபது வயதிலும் வரைந்துகொண்டிருக்க என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு மணி நேர வகுப்புகூடக் கிடையாது. என்னோடு படித்தவர்களில் என்னைவிட நன்றாகக் கோடு போட்டவர்கள் பலர். இன்றும் வரைகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் யாரும் திறமை போதாமல் நின்றுபோனவர்கள் இல்லை.

நானும் நின்றுபோயிருந்தேன். படித்து முடித்ததும் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஏழு வருடம் லேஅவுட் வேலை. நேரமே இல்லாமல் போனது என்று அப்போது எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் ஞாயிற்றுக்கிழமை முழுதாக இருந்தது. பகல் முழுக்க அடுத்தவர் சொன்னபடி கோட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பழகிய கண், வீட்டில் வெள்ளைத் தாளைப் பார்த்தால் முதலில் மார்ஜினைத்தான் தேடும். ஒரு முறை பூவரசம் இலை ஒன்றை வரைய உட்கார்ந்தேன். நரம்பு ஓடுகிற விதம் அவ்வளவு அழகாக இருந்தது. பாதியில் கை நின்றுவிட்டது. இதை யார் ஓகே செய்வார்கள் என்று மனம் கேட்டது. அந்த இலையை முடிக்கவே இல்லை.

அதனால் வேலைகளை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது, அது முடிந்து வருகிறபோது கையும் கண்ணும் எந்த நிலையில் இருக்கும் என்பதைத்தான். அடுத்தது, வரைந்ததை எடுத்துக் காட்ட விவரம் தெரிந்த நாலு பேர் பக்கத்தில் இருப்பார்களா என்பது. பணம் அதற்குப் பிறகுதான். அதிலும் எவ்வளவு வருகிறது என்பதைவிட மாதம் தவறாமல் வருகிறதா என்பதே பெரிது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர்களில் வரைகிறவர்களுக்கு வீட்டார் முதலில் சொல்லும் வேலை அதுதான். நிரந்தர வேலையாகக் கிடைத்தால் உண்மையிலேயே நல்ல வேலை. நான்கரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், கோடை விடுமுறை உண்டு, கை களைத்திருக்காது. சிக்கல் நிரந்தரம் என்கிற சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். அன்றைய சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை என்றால் வரைய நேரம் நிறைய இருக்குமே என்று தோன்றும். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் மிச்ச நேரத்துக்கு வேறு வேலை தேடாமல் இருக்க முடியாது. தனியார் பள்ளியில் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆண்டு விழா மேடை, வரவேற்புப் பதாகை, பிரின்சிபால் அறைச் சுவர் எல்லாம் ஓவிய ஆசிரியர் தலையில்தான் விழும், அதற்கு எத்தனை நாள் போகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய குறை தனிமை. சிறிய ஊர்ப் பள்ளியில் ஓவியம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். “சூப்பர் சார்” என்று சொல்லப் பிள்ளைகள் இருப்பார்கள். “அந்த நீலம் ஏன் அங்கே?” என்று கேட்க ஆள் இருக்காது. பத்து வருடம் யாரும் கேட்காவிட்டால் நாமும் கேட்பதை விட்டுவிடுவோம். சென்னை எழும்பூர் கலைக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே தனபால், முனுசாமி, சந்தானராஜ் போன்ற கலைஞர்கள் கடைசிவரை வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்றால், பக்கத்து அறையிலேயே இன்னொரு ஓவியர் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கம்பெனி வேலை. கேம், அனிமேஷன், விளம்பரம், ஆப் டிசைன் என்று இன்று பிள்ளைகள் அதிகம் போவது இங்கேதான். சம்பளம் நன்றாக இருக்கிறது. கல்விக் கடன் வாங்கிப் படித்த பிள்ளையிடம் அதைத் தட்டிக்கழி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் ஏழு வருடம் எனக்கு மறக்காது. நாள் முழுக்க டேப்லெட்டில் வரைந்துவிட்டு வருகிறவர், ராத்திரி அதே டேப்லெட்டில் தன் படத்தை வரைவது மிகக் கடினம். பகலில் திரையைப் பார்க்கிறவர் ராத்திரி களிமண்ணைத் தொடட்டும், அச்செடுக்க லினோலியத் தகட்டில் படம் செதுக்கும் லினோ வெட்டட்டும். பொருள் மாறினால் கண் விடுபடும். இது நானும் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். கம்பெனியை விட்ட பிறகு வரைவது எனக்குத் திரும்பி வந்தது ஓவியம் வழியாக இல்லை. நண்பர் ஒருவரின் பட்டறையில் மரக்கட்டை செதுக்கப் போய், அப்படியே கை திறந்தது.

சம்பளத்துக்கு டிசைன் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் நின்றுபோய்விடவில்லை. நெசவாளர் சேவை மையம் என்று மத்திய அரசு நிறுவனம் ஒன்று உண்டு. 1950களில் புபுல் ஜெயகர் முன்னின்று தொடங்கியது. கைத்தறிக்குப் புது வடிவங்கள் வரைய ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் பம்பாய் மையத்தில் இருந்தார். இங்கே ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது என்று பலர் அந்த மேஜைகளில் உட்கார்ந்து வரைந்தவர்கள். இவர்கள் யாரும் அந்த வேலையால் வற்றிப்போகவில்லை. ஆதிமூலம் ஒரு பக்கம் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தார், இன்னொரு பக்கம் தமிழ்ப் புத்தக அட்டைகளுக்கு எழுத்துருவம் கொடுத்தார், அப்புறம் முற்றிலும் வண்ணத்தில் இறங்கினார்.

ஏன் அந்த வேலை இவர்களைத் தின்னவில்லை? நெசவுக்கான வடிவத்தைக் கட்டம் கட்டமாக வரைகிற கிராஃப் தாளைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். சேலைக் கரைக்கு ஒரு மாங்காய் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் வளைவு வழுவழுப்பாக இருக்கும். தறியில் அப்படி ஒரு வளைவு கிடையாது. ஒவ்வொரு சிறு கட்டமும் நெடுக்கு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடும் சந்திக்கிற இடம், அங்கே ஒன்று நிறம் வரும் அல்லது வராது. அதனால் வளைவைப் படிப்படியாக உடைக்க வேண்டும். எந்த இடத்தில் இரண்டு கட்டம் ஏறி ஒரு கட்டம் நகர்ந்தால் தள்ளி நின்று பார்க்கும்போது வளைவாகத் தெரியும் என்று கணக்குப் போட வேண்டும். பிறகு நெசவாளர் அதைப் பார்த்து, “இந்த இடத்துல இழை மிதக்கும், மாத்துங்க” என்பார். அந்தத் திருத்தம் நூலிலிருந்து வருகிறது. யாருடைய விருப்பு வெறுப்பும் அதில் இல்லை. என் கம்பெனியில் கோட்டை நகர்த்தச் சொன்னவர்களுக்கும் இந்த நெசவாளருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஒரு பொருள் நம்மைத் திருத்தினால் கை வளர்கிறது. பொருளே இல்லாமல் அபிப்பிராயம் மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் கை சோர்ந்துவிடுகிறது.

ஆகவே டிசைன் வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு சேர்த்து அந்த வேலையில் என்ன பொருள் இருக்கிறது என்றும் பாருங்கள். ஜவுளி, பீங்கான், அச்சு, மேடை, மரம். தோட்டா தரணி எழும்பூர் கலைக் கல்லூரியில் படித்துச் சினிமாவுக்குக் கலை இயக்குநராகப் போனவர். தச்சர், பெயிண்டர், மோல்டிங்காரர் என்று ஒரு பட்டறையையே வைத்து வேலை செய்துகொண்டு, ஓவியத்தையும் விடாமல் காட்சிக்கு வைத்துவந்தார்.

இனி மூன்றாவது வழி, சிலர் சேர்ந்து ஒரு இடம் பிடித்து, கையால் செய்ததை விற்றுக்கொண்டே வரைவது. ஆசிரியர் ஒருவர் இதே கேள்விக்கு ஒரு ஊரையே பதிலாகக் கட்டினார் என்பதால் இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கே. சி. எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தை இறந்ததால் படிப்பைப் பாதியில் விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். இன்று எழும்பூர் கலைக் கல்லூரியாக இருக்கிற சென்னைக் கலைப் பள்ளியில் 1936இல் சேரும்போது அவருக்கு 25 வயது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வரைகிறவனை என்ன செய்யும் என்று அனுபவத்தில் தெரிந்தவர். பிறகு அதே பள்ளியில் ஆசிரியர், 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வர். நன்றாக வரைகிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலைக்குப் போய், வரைவதையே மறந்துவிடுவதை வருடா வருடம் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் சோழமண்டலம் என்கிற கலைஞர் கிராமம்.

ஓவியர்களும் சிற்பிகளும் கைவினைச் சங்கம் ஒன்றாகச் சேர்ந்தார்கள். கைவினைப் பொருள் செய்து விற்பது, அதில் ஒரு பங்கைப் பொதுவில் போடுவது. அதில் முக்கியமானது மெழுகால் வரைந்து சாயமேற்றும் பாத்திக் துணி. அந்தப் பணத்தை வைத்து 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அப்போது அது நகரத்துக்கு வெளியே மணலும் சவுக்குமாகக் கிடந்த கடற்கரை. வீடுகளையும் பட்டறைகளையும் தாங்களே எழுப்பினார்கள்.

பாத்திக் ஏன் இவர்களுக்கு ஒத்துவந்தது என்பது என் மாணவர்களுக்கு நான் செய்தே காட்டுகிற பாடம். துணியைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, உருக்கிய மெழுகால் வரைய வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. முதலில் மஞ்சள், அடுத்து சிவப்பு, கடைசியில் கரு நிறம் என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் காக்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி. எல்லாம் முடிந்து கொதிநீரில் போட்டால் மெழுகு மிதந்து வரும், படம் தெரியும். இதில் கையைப் பாருங்கள். மெழுகு சூடாக இருக்கும்போதே கோடு ஓடிவிட வேண்டும். தயங்கினால் சொட்டு விழும், சொட்டு விழுந்தால் அழிக்க முடியாது. காலையில் நான்கு துணிக்கு இப்படிக் கோடு போட்டவன் மத்தியானம் தன் கேன்வாஸ் முன்னால் நிற்கும்போது கை சூடேறி இருக்கும். அந்தத் தலைமுறைச் சென்னை ஓவியர்களின் கோட்டில் ஒரு வேகம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். மெழுகுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

உலோகத்தில் வேலை செய்தவர்கள் தாமிரத் தகட்டைத் தட்டிப் பொருள் செய்தார்கள், அதே தட்டலைச் சிற்பத்துக்கும் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த வாசுதேவின் தாமிரப் புடைப்புகளையும் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களையும் பார்க்கிறவர்களுக்கு, பிழைப்புக்குக் கற்ற கை எங்கே முடிந்து கலைக்கான கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பணிக்கர் தன் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை ஆரம்பித்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். இருபத்தைந்து வயதில் கல்லூரிக்குள் நுழைந்த ஒருவரின் முக்கியமான வேலை ஐம்பதுக்கு மேல்தான் வந்தது என்பதை, இருபத்திரண்டிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டதாகப் பயப்படுகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அங்கேயும் எல்லோரும் தப்பிக்கவில்லை. கனவு நகரங்களை மையில் வரைந்த கே. ராமானுஜம் அந்தக் கிராமத்தில் வாழ்ந்தவர்தான், 1973இல் இளம் வயதிலேயே போய்விட்டார். கூட நாலு பேர் இருப்பது எல்லா வலிக்கும் மருந்தாகிவிடாது. இன்னொன்று, இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாத்திக் விற்று நிலம் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் சோழமண்டலத்தை அப்படியே திரும்பச் செய்ய முடியாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது சின்ன அளவில்: மூன்று நான்கு பேர், ஒரு வாடகை அறை, கையால் செய்து விற்க ஒரு பொருள், பொதுவில் ஒரு உண்டியல். அறைக்கும் வழியில்லை என்றால் சென்னையில் இருப்பவர்கள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியின் பட்டறைகளை விசாரிக்கலாம். அச்சு எந்திரமும் சூளையும் தனியாக வாங்குவது யாருக்கும் ஆகாத காரியம்.

நான்காவது, படம் விற்று மட்டும் வாழ்வது. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் பத்து வருடத்துக்கு இதை நம்பி இறங்காதீர்கள். விற்கிற வருடம் இருக்கும், ஒன்றுமே விற்காத வருடமும் இருக்கும். அதைவிட, ஒரு பிள்ளையார் நன்றாக விற்றால் கேலரியிலிருந்து இன்னும் ஆறு பிள்ளையார் கேட்பார்கள், வாடகை பாக்கி இருக்கும், வரைந்து கொடுப்பீர்கள். ஏழாவதாக என்ன வரையலாம் என்று யோசிக்கும்போது கை அதே பிள்ளையாரைத்தான் போடும்.

இந்தக் கேள்வியே இல்லாத இடம் ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள், உலோகச் சிலை வார்க்கிற சுவாமிமலையைக் காட்டி. உண்மைதான். அங்கே ஸ்தபதி வீட்டுப் பையன் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருண்டையோடு விளையாடி வளர்கிறான். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, முழங்கால் அளவுகளை எடுக்கிற ஒடியோலை அவன் கைக்கு ஸ்கேலுக்கு முன்பே பழகிவிடுகிறது. பிழைப்பும் கலையும் அங்கே ஒன்று. எழுபது வயதிலும் அரம் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த உருவம் செய்வது என்பதை அங்கே சாஸ்திரமும் கேட்டு வருகிறவரும் முடிவு செய்கிறார்கள். எதை வரைவது என்று தானே தேட வேண்டும் என்று நான்கு வருடம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிற பிள்ளையை அங்கே உட்காரவைக்க முடியாது. அந்தப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வழக்கம். மனநிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் காலையில் உட்காருவது.

சரி, அந்த மாணவிக்கு என்ன சொன்னேன்? கடன் எவ்வளவு என்று முதலில் கேட்டேன். கொஞ்சம்தான், அண்ணன் பார்த்துக்கொள்கிறார் என்றாள். அப்படியானால் ஹைதராபாத் இப்போது வேண்டாம் என்றேன். கடன் பெரிதாக இருந்திருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பேன், இரண்டு வருடக் கணக்கு வைத்து, மண்ணோ லினோவோ ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போ என்று. மாமா சொன்ன பள்ளி, ஊரில் அவளைத் தனியாக்கிவிடும். அவளுக்குக் கோடு நன்றாக வரும், துணியில் ஆர்வம் உண்டு. அதனால் பிளாக் பிரிண்டோ ஸ்கிரீன் பிரிண்டோ செய்கிற ஒரு ஜவுளிப் பட்டறையில் வேலைக்குச் சேர், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கூடப் படித்தவர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு அறை எடு என்றேன். வீட்டில் கல்யாணப் பேச்சு வரும், அது அவளுக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் பெரிய வாக்குறுதி எதுவும் கேட்காதே, சாப்பாட்டு நேரத்தில் யாரும் காலி செய்யச் சொல்லாத ஒரு மேஜை மட்டும் கேள் என்றேன். வரைகிற பெண்களுக்கு வரைவது நிற்பது பெரும்பாலும் அந்த மேஜை போகும்போதுதான்.

எங்கள் பக்கமும் மாற வேண்டியது இருக்கிறது. கடைசி வருடத்தில் ஒரு பருவம், பிள்ளைகள் அரைநாள் வெளியே ஒரு பட்டறையில் வேலை பார்க்க வேண்டும், மிச்ச அரைநாளில் தன் வேலையை நடத்திக் காட்ட வேண்டும். களைப்போடு வரையப் பழகுவது இங்கேயே நடக்கட்டும், விழுந்தால் தூக்கிவிட நாங்கள் இருக்கிறோம். நான்கு பேர் கொண்ட குழுக்களை அப்போதே அமைத்துவிட வேண்டும். வண்ணம், துணி, வாடகை, போக்குவரத்து என்று கணக்கு நோட்டு எழுத வேண்டும். மதிப்பெண்ணை முடிந்த படத்துக்கு மட்டும் போடாமல், அந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்பதற்கும் போட வேண்டும். எங்கள் துறைக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். நான்கு பேராகச் சேர்ந்து ஒரு மொட்டை மாடி அறை எடுத்திருக்கிறார்களாம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது, அதனால் விடிகாலை ஐந்தரைக்கே வந்துவிடுகிறார்களாம். ஒன்பதரைக்கு அவள் பட்டறைக்குப் பஸ் பிடிக்கிறாள். பேசிவிட்டு வைக்கப் போகும்போது, “சார், மெழுகு உருக்க கேஸ் அடுப்பு வெச்சுக்கலாமா?” என்றாள். வேண்டாம்மா, கரண்ட் அடுப்பு வாங்கு, பாத்திரத்தை நேராகச் சூட்டில் வைக்காதே, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வை என்றேன். புகை வந்தால் உடனே அணை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டு போட்டு மூடு. பெரிய தட்டு ஒன்று எப்போதும் கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.